காத்திருக்கும் நான்கு மணி நேரத்தில் எங்கே போகலாம்?

கேள்வி: ஐயா, எனக்கு 49 வயது. மலேசியா, பேராவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். பிறந்தது பக்கத்துத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். வீட்டுக்காரர் இருபது வருடம் செம்பனைப் பழ லோரி ஓட்டியவர். நான்கு வருடமாக அவருக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கோலகங்சாரில் டயாலிசிஸ். நான்தான் பழைய காஞ்சில் காரில் அழைத்துப்போய், நான்கு மணி நேரம் காத்திருந்து, திரும்பக் கூட்டிவருகிறேன். வீட்டில் மாமியார் இருக்கிறார், 81 வயது, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை. மற்ற நாட்களில் பலகாரம் செய்து ஒட்டுக்கடைகளுக்குக் கொடுக்கிறேன்.

சின்ன வயதிலிருந்தே எனக்கு ஊர் சுற்றும் ஆசை. 2020 மே மாதம் திருச்சிக்கு டிக்கெட் போட்டிருந்தோம். மார்ச்சிலேயே நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. அதற்கப்புறம் இவருக்கு உடம்பு முடியாமல் போனது. அன்றைக்கு வாங்கிய பெட்டி பிளாஸ்டிக்கூடப் பிரிக்காமல் அலமாரி மேல் கிடக்கிறது. இரவில் யார் யாரோ காஷ்மீர் போகிற, துருக்கி போகிற வீடியோவைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். முடிந்ததும் அழுகை வரும். ஒருநாள் இவர் அதைக் கவனித்துவிட்டு, "நான் போனதும் நீ போய்க்கோ" என்றார். அன்றிலிருந்து அவர் எதிரில் போனையே எடுப்பதில்லை. ஓர் இரவுகூட என்னால் வெளியே தங்க முடியாது. இந்த ஆசையை எப்படி அடக்குவது? பெயர் வேண்டாம்.

பதில்: சகோதரி, நான் சுற்றுலா வழிகாட்டி. ஊர் ஆசையைக் கிளப்பிவிடுவதுதான் என் பிழைப்பு. அடக்கும் வித்தை எனக்குத் தெரியாது. கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு இருபத்திரண்டு வருடமாகப் பேராவிலும் பினாங்கிலும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரிகிறேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

முதலில் ஒன்று. கோலகங்சார் காஷ்மீருக்கு ஈடாகாது. "பக்கத்திலேயே எல்லாம் இருக்கிறதே, வெளியே போய் என்ன ஆகப்போகிறது" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் போய்வந்தவராகத்தான் இருப்பார். பனிமலை பார்க்கும் ஆசைக்குப் பனிமலைதான் மருந்து. அது இப்போதைக்கு இல்லை என்பது வருத்தம்தான், வருத்தப்படுங்கள். ஆனால் உங்கள் பசியில் பாதி வேறொன்றின் மேல் என்று தோன்றுகிறது. அடுத்த வளைவில் என்ன வரும் என்று தெரியாத ஒரு நாள் உங்களுக்கு வேண்டும். இப்போது உங்கள் நாட்களில் எல்லாமே முன்கூட்டித் தெரிந்தவை. அந்தப் பாதிப் பசிக்குத்தான் என்னிடம் வழி இருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். எங்கள் தொழிலில் "அரை நாள் சுற்றுலா" என்று விற்பது நான்கு மணி நேரத்தைத்தான். வெள்ளைக்காரர்கள் அதற்காகப் பணம் கட்டி வருகிறார்கள். உங்களுக்கு வாரம் மூன்று அரை நாள், அதுவும் அரச நகரத்தில். நான்கு வருடத்தில் அறுநூறு தடவைக்கு மேல் கோலகங்சார் போயிருக்கிறீர்கள். நாற்காலி, சுவரில் தொலைக்காட்சி, மிஞ்சினால் எதிர்க்கடையில் ஒரு கோப்பி ஓ. இதைத் தவிர அங்கே வேறென்ன பார்த்தீர்கள்?

குறை சொல்லவில்லை. பயம் இருக்கும். இந்தச் சிகிச்சையின்போது சிலருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், கால் இழுத்துப் பிடிக்கும். அதனால் முதல் அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். ஊசி ஏற்றி, மெஷின் ஓட ஆரம்பித்து, அவர் கண்ணை மூடிய பிறகு தாதியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். போனில் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். பத்து நிமிடத்தில் திரும்ப முடிகிற தூரத்தைத் தாண்ட வேண்டாம். முடிவதற்கு அரை மணி நேரம் முன்பே வந்து உட்காருங்கள். எப்படியும் மூன்று மணி நேரம் மிஞ்சும்.

சரி, எங்கே போவது? அதற்கு முன்னால், எப்படிப் போவது என்பதைப் பேசிவிடலாம். பதினைந்து வருடத்துக்கு முன் பத்து காஜாவில் கெல்லி கோட்டைக்கு ஒரு குழுவைக் கூட்டிப்போனேன். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி கட்ட ஆரம்பித்தது. தமிழ்த் தொழிலாளர்கள் கல் சுமந்தார்கள். விஷக் காய்ச்சல் வந்து பலர் செத்தார்கள். தொழிலாளர்கள் கேட்டதால் அவர் மாரியம்மன் கோயில் ஒன்று கட்டிக்கொடுத்தார். இன்றும் அந்தக் கோயில் கூரையில் சாமிகளோடு சாமியாக ஒரு வெள்ளைக்காரர் தொப்பி போட்டு நிற்கிறார். 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்துபோக, வீடு அரைகுறையாக நின்றுவிட்டது. இதையெல்லாம் நான் மனப்பாடமாக ஒப்பித்து முடித்தேன். ஓர் ஆஸ்திரேலியப் பாட்டி கையைத் தூக்கி, "கல் சுமந்தவர்கள் எங்கே சமைத்துச் சாப்பிட்டார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு என் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவரும் தோட்டத்தில் பால் எடுத்தவர். லயத்தில் அடுப்பு எங்கே இருந்தது, விறகு யார் பொறுக்கினார்கள், பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போவதற்கு முன் எதைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்று இரண்டு மணி நேரம் பேசினார். அதற்கு முன் என் அம்மா என்னிடம் அவ்வளவு நேரம் பேசியதே கிடையாது.

அன்றிலிருந்து என்னோடு வருகிறவர்களிடம் நான் சொல்வது, ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள் என்பதுதான். போனில் தட்டினால் விடை வராத கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது. எந்தக் கேள்வியும் இல்லாமல் பத்து நாடு சுற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் நாளே அவர்களுக்குச் சலித்துப்போகும், பஸ்ஸில் தூங்குவார்கள்.

உங்களுக்கான முதல் இடம் ஒரு மரம். கோலகங்சார் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில், சாலையோரமாக, வேலி போட்டுப் பலகை வைத்து நிற்கிறது. நீங்கள் அதைக் கடந்துகூடப் போயிருக்கலாம். 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் காட்டிலிருந்து எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது மூவாயிரத்துக்கும் குறைவு. அடுத்த வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாருக்கு வந்து, ஹியூ லோ பேராவின் ரெசிடெண்டாக, அதாவது பிரிட்டிஷ் அதிகாரியாக, இருந்தபோது இங்கே நடப்பட்டன. அந்தப் பழைய நடவில் மிஞ்சி நிற்பதுதான் இந்த மரம்.

இதற்கு மேல் உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? உங்கள் மாமியாரை விடியற்காலை இருட்டில் எழுப்பியது, உங்கள் தாத்தா பாட்டியைக் கப்பலேற வைத்தது, சுங்கை சிப்புட் என்று ஒரு டவுன் உண்டாக ஒரு காரணமாக இருந்தது, எல்லாவற்றுக்கும் மூத்தது அந்த மரம். பிரேசிலிலிருந்து லண்டன், லண்டனிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து பேரா. நம் யாரைவிடவும் அதிகம் ஊர் சுற்றிய குடும்பம் அதுதான். அது ஊர் சுற்றியதால்தான் நம் ஆட்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். நான் கூட்டிப்போகிற ஐரோப்பியர்கள் அங்கே ஒரு படம் எடுத்துவிட்டு வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் அப்படித் திரும்ப முடியாது. அடிமரத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். நான்கு பக்கமும் படம் எடுங்கள். வீட்டுக்குப் போனதும் அத்தையிடம் காட்டி, "இந்த மரத்தை உங்கள் நிறையில், உங்களுக்குப் பிரித்துவிட்ட மர வரிசையில், கொடுத்தால் எங்கே வெட்டுப் போடுவீர்கள்?" என்று கேளுங்கள். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிந்துதான் கோடு போக வேண்டும். பால் குழாய்கள் மரத்தில் சாய்வாக ஓடுவதால் அப்படி வெட்டினால்தான் அதிகம் அறுபடும், பால் நன்றாக இறங்கும். இது எனக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தது. அவருக்குக் கையே சொல்லும். உளி எந்த அளவு இறங்கலாம், எங்கே மரம் காயப்படும், பால் பிடிக்கும் மங்கு எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்றெல்லாம் அவர் ஆரம்பித்தால் நிறுத்தாதீர்கள்.

அடுத்த புதன்கிழமைக்கு உபூடியா பள்ளிவாசல். 1917-இல் திறந்தது. தங்கக் குவிமாடத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். கட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு யானைகள் சண்டை போட்டு, இத்தாலியிலிருந்து கப்பலில் வந்த பளிங்குக் கற்களை மிதித்து நொறுக்கிவிட்டன. அப்புறம் முதல் உலகப் போர் வந்து வேலை இன்னும் தள்ளிப்போனது. யாருடைய யானைகள் என்று அங்கே இருக்கும் பெரியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். நேரம் இருந்தால் ஆற்றங்கரைப் பக்கம் ஓர் அரண்மனை இருக்கிறது. 1926-இல் கட்டியது, ஓர் ஆணிகூட அடிக்காத மர வீடு. உள்ளே விடாவிட்டாலும் வெளிச்சுவரின் மூங்கில் பின்னலைப் பார்த்தாலே போதும்.

இன்னொரு நாள் ஆற்றைக் கடந்து சாயோங். லாபு சாயோங் என்ற கறுப்புக் குடுவை அந்த ஊர்ச் சரக்கு. சுட்ட மண்ணைச் சூடு ஆறுமுன் நெல் உமியில் புதைக்கிறார்கள், அதனால்தான் அந்தக் கறுப்பு. சின்னதாக ஒன்று வாங்குங்கள். உங்கள் வீட்டுக்காரருக்குத் தண்ணீர் அளந்துதான் கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் அவர் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். கோலகங்சார் லாக்சா என்ற நூடுல்ஸ் சாப்பாடும் அப்படித்தான். உப்பு அதிகம், அவருக்காகப் பொட்டலம் கட்ட வேண்டாம். நீங்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அவருக்குக் கூடாததை நீங்கள் சாப்பிட்டால் பாவம் என்று நினைக்கிற ஆள் நீங்கள் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒரு சனிக்கிழமை முழுவதும் உங்களுக்கு வேண்டும். தனியாக. அத்தைக்கும் அவருக்கும் துணையாக இருக்கச் சொந்தத்தில் யாரையாவது கேளுங்கள். "தைப்பிங்கில் ஒரு வேலை இருக்கிறது" என்று சொன்னால் போதும், பொய்யாகாது. ரயிலில் போங்கள். சுங்கை சிப்புட்டில் எல்லா ரயிலும் நிற்காது, போகவும் வரவும் நேரம் பார்த்து டிக்கெட் எடுத்துவிடுங்கள். கார் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு: கார் ஓட்டும்போது நீங்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறீர்கள். நான்கு வருடமாக ஸ்டீயரிங்கைப் பிடித்த கை ஒரு தடவை மடியில் சும்மா இருக்கட்டும். கோலகங்சார் தாண்டியதும் புக்கிட் பெராப்பிட் மலைக்குள் ரயில் நுழையும். 3.3 கிலோமீட்டர் சுரங்கம். கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். வெளியே வந்தால் அந்தப் பக்கம் பெரும்பாலும் மழை. தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர்.

தைப்பிங்கில் ஏரிப் பூங்காவில் எல்லாரும் உட்காருவார்கள், நீங்களும் உட்காருங்கள். ஆனால் அங்கேயே நாளை முடித்துவிட வேண்டாம். ஒரு கிராப் வாடகைக் கார் பிடித்துக் கோல செப்பெத்தாங் போங்கள். பழைய பெயர் போர்ட் வெல்ட். இந்த நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து அங்கேதான் ஓடியது, ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக. தண்டவாளத்தை எப்போதோ பிடுங்கிவிட்டார்கள். ஆனால் நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் கடைகளுக்கு முன்னால் இன்னும் நிற்கிறது. நான்கு வகை எழுத்தில் ஊர்ப் பெயர், அதில் ஒன்று தமிழ். நான் முதல் தடவை பார்த்தபோது, ரயிலே இல்லாத நிலையத்தில் யாருக்காக இந்தத் தமிழ் என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நம் ஆட்களுக்காகத்தான். இறங்க வேண்டிய இடம் அவர்களுக்குத் தெரிய வேண்டுமே. அங்கேயே சதுப்பு நிலக் காட்டுக்குப் பக்கத்தில் கரிச் சூளைகள் இருக்கின்றன. மாத்தாங் காட்டில் பாக்காவ் மரத்தை முப்பது வருடத்துக்கு ஒருமுறை வெட்டி மறுபடி நடுகிறார்கள். நூறு வருடத்துக்கு மேலாக அந்தக் காட்டைத் திட்டம் போட்டுப் பராமரிக்கிறார்கள். சூளைக்காரர் புகையை முகர்ந்தே உள்ளே மரம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்வார். அந்த வாசனை உங்கள் துணியில் ஏறும். வீட்டுக்கு வந்ததும் அவர், "எங்கே போயிருந்தாய்?" என்று கேட்பார். மறைக்காதீர்கள்.

இப்போது அவர் சொன்ன அந்த வார்த்தைக்கு வருகிறேன். "நான் போனதும் நீ போய்க்கோ." மனத்தைப் பற்றிப் பேச நான் படித்தவன் இல்லை. ஆனால் கடிதத்தில் ஒரே வரியில் நீங்கள் தாண்டிப்போன விஷயம் ஒன்று என் கண்ணில் பட்டது. அவர் இருபது வருடம் லோரி ஓட்டினார். அந்த வீட்டில் ஊர் சுற்றியவர் நீங்கள் அல்ல, அவர்தான். மண் ரோடு, ஆலை, எடைமேடை, விடியற்காலை ஒட்டுக்கடை என்று இருபது வருடம் இருந்த மனிதர், இப்போது ஜன்னல் ஓரத்தில்கூட இல்லாத நாற்காலியில் வாரம் பன்னிரண்டு மணி நேரம் கையை அசைக்காமல் கிடக்கிறார். நீங்கள் காஷ்மீர் பார்த்து அழுகிற இரவில் அவர் எந்த ரோட்டை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்று எப்போதாவது கேட்டீர்களா? எனக்கென்னவோ அந்த வீட்டில் இந்த ஊர் ஆசை நோய் இரண்டு பேருக்கும் என்றுதான் படுகிறது.

ஆகவே அவர் எதிரில் போனை மறைப்பதை விடுங்கள். அவரிடம் வழி கேளுங்கள். "கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும்?" என்பதிலிருந்தே ஆரம்பிக்கலாம். டயாலிசிஸ் முடிந்த அன்று களைப்பாக இருப்பார், அன்று எங்கும் நிறுத்தாதீர்கள். அடுத்த நாள், செவ்வாயோ வியாழனோ, காலை வெயில் ஏறும் முன் முன் சீட்டில் உட்கார வைத்து, "நீங்கள் லோரி ஓட்டிய ரோட்டில் போகலாம், எங்கே திரும்ப வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கிளம்புங்கள். ஒரு மணி நேரம் போதும். காராய்ப் பக்கம் போனால் விக்டோரியா பாலத்தில் நிறுத்துங்கள். 1900-இல் பேரா ஆற்றின் மேல் கட்டி முடித்த செங்கல் தூண் ரயில் பாலம். இப்போது ரயில் பக்கத்துப் புதுப் பாலத்தில் போகிறது. பழைய பாலத்தின் ஓரமாக நடக்க ஒரு பாதை உண்டு. அவரால் நடக்க முடிந்த வரை நடக்கட்டும். முடியாவிட்டால் கரையில் காரிலேயே இருந்து பார்க்கட்டும், நீங்கள் நடுப்பாலம் வரை போய் அவருக்குக் கையை ஆட்டுங்கள்.

உடம்பு இடம் கொடுத்தால் இன்னொரு நாள் லெங்கோங். கோலகங்சாரிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம். 2012-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்த பள்ளத்தாக்கு. 1991-இல் அங்கே ஒரு குகையில் பத்தாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதரின் எலும்புக்கூட்டை எடுத்தார்கள். பேரா மனிதன் என்று பெயர். பிறவியிலேயே இடது கை சரியாக வளராதவர். வேட்டையாடிச் சாப்பிட்ட காலத்தில் அப்படிப்பட்டவர் நாற்பது வயதைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார் என்றால், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்கள் இருந்திருக்க வேண்டும். குழியில் அவரோடு இறைச்சியும் ஆற்று நத்தைகளும் வைத்திருந்தார்கள். சிப்புட் என்றால் மலாயில் நத்தைதானே, உங்கள் ஊர்ப் பெயர். வழிகாட்டிகள் பேருந்தில் சொல்ல இப்படி ஒன்றிரண்டைச் சேர்த்துவைத்திருப்போம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்தப் பெட்டி. "ஓர் இரவுகூட முடியாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது முழுக்க உண்மையா என்று அவருடைய சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் போகிற ஊரில் உள்ள மையத்தில் முன்கூட்டியே இடம் கேட்டு வைத்துக்கொண்டு பயணம் போவது நடக்கிற விஷயம்தான். என் குழுக்களில் அப்படி வந்தவர்களுக்குப் பினாங்கில் நானே ஏற்பாடு செய்திருக்கிறேன். மருத்துவர் தரும் சிகிச்சைக் குறிப்பு, சமீபத்திய இரத்தப் பரிசோதனை, குறிப்பாக ஹெப்பாடைட்டிஸ் முடிவு, இவற்றைக் கேட்பார்கள். சில வாரம் முன்னதாகவே பேச வேண்டும், செலவு தனி. திருச்சியை நான் இப்போது பேசவில்லை. பினாங்கில் இரண்டு இரவு, நடுவில் ஒரு டயாலிசிஸ். மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் கேட்காமலே நான்கு வருடம் ஓடிவிட்டது போலிருக்கிறது.

புதன்கிழமை மரத்தைப் பார்க்கக் குடை எடுத்துக்கொண்டு போங்கள், மதியத்துக்கு மேல் மழையை நம்ப முடியாது. வெட்டு எங்கே போடுவேன் என்று அத்தை சொன்னதை மட்டும் எனக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். என் அம்மா இப்போது இல்லை, கேட்க எனக்கு ஆள் கிடையாது.